கடைசி வலது வளைவு

எட்மண்ட் தரையில் யாரையும் இடித்ததில்லை. சிங்கப்பூரில், பூன் லே எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காலையில் ஆட்களை ஏற்றி ஜூரோங் தொழிற்சாலைகளில் இறக்கிவிடும் கம்பெனி பஸ்ஸிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு மேலே, கணினித் திரைக்குள் ஓட்டும் எஃப்-16 விமானத்திலும் இல்லை. இதை அவர் தானாகச் சொல்லமாட்டார். யாராவது கேட்கும்படி பேச்சைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கேட்டதும் சொல்வார்.

அது போர் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு. விளையாட்டு என்றால் அவருக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்லவேண்டும். டன்லப் ஸ்திரீட் அறை அண்ணாதுரையுடையது. அவரும் எட்மண்டும் கிளமெண்டியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கீழே அண்ணாதுரையின் மனைவி நடத்தும் தையல்கடை. மேலே துணிச்சுருள்களை ஒரு சுவரோரமாக அடுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் நான்கு கணினிகளைப் போட்டிருந்தார். நாங்கள் ஆறு பேர். நால்வர் அறையில்; இருவர் தங்கள் வீடுகளிலிருந்து ஹெட்செட் வழியாக. வரிசையில் முதல் விமானம் எட்மண்டுடையது, அதனால் அவரை ‘லீட்’ என்போம். இரண்டாவது ஒலி முகம்மது. மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். மூன்றாவது அண்ணாதுரை. நான்காவது நான்.

இந்த சிமுலேட்டரை வாங்குகிற எல்லோரும் வானத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். தரை அவர்களுக்குத் தொல்லை. விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதைவரை சக்கரத்தில் ஊர்ந்து போவதை டாக்ஸி என்பார்கள். சும்மா இருக்கும்போதே ஜெட் இஞ்சின் விமானத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். விட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சூடேறும், விட்டு விட்டுத் தொடவேண்டும். வளைவில் வேகம் இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கை தரையைத் தேடும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மெனுவில் வேறு வழிகள் உண்டு. ஓடுபாதை முனையில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே தொடங்கலாம். வானத்திலேயேகூடத் தொடங்கலாம்.

எட்மண்ட் அந்த மெனுவை யாரையும் தொட விட்டதில்லை.

“மாப்பிள்ள வீட்டு வாசப்படி இறங்காம நேரா மணவறையில போயா உக்காருவான்?” என்பார்.

“டேய், இவன் மணவறைக்கே போகமாட்டான்டா. வாசப்படியிலயே கல்யாணத்த முடிச்சிடுவான்,” என்பார் அண்ணாதுரை.

அது உண்மையும்கூட. மேலே போனால் எட்மண்ட் அதிக நேரம் தாங்கமாட்டார். எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவர் விமானம் புகையாகி இருக்கும். எங்கள் ஆறு பேரில் முதலில் விழுவது பெரும்பாலும் அவர்தான். ஆனால் ஆறு விமானங்களை ஒன்றின் பின் ஒன்றாக, ஒரு கீறல் விழாமல், ஓடுபாதை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு அவரைவிட்டால் ஆளில்லை. பின்னால் வருபவன் எங்கே பார்க்கவேண்டும் என்பதுகூட அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விமானத்தின் வாலில் இஞ்சினின் வாய் இருக்கிறது. இஞ்சின் சும்மா இருக்கும்போது அகலமாக விரிந்திருக்கும். விசை கொடுத்தால் சுருங்கும்.

“முன்னால போறவன் வாயப் பாரு. அவன் கை என்ன செய்யுதுன்னு அங்க தெரியும்.”

புதிதாகச் சேருபவர்களைத் திரைமுன் உட்காரவைப்பதற்கு முன்னால் பூன் லேயில் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வாய்ட் டெக்குக்கு வரச்சொல்வார். நாங்கள் கைகளை இறக்கைபோல விரித்துக்கொண்டு, தூண்களைச் சுற்றி வரிசையாக நடக்கவேண்டும். முன்னால் அவர் இரண்டு ஆரஞ்சு டார்ச்சுகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். டார்ச்சை மடக்கினால் வா, குறுக்கே வைத்தால் நில். ஒருமுறை மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்றாம் மாடி பாப்பாத்தி அக்கா, பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

“என்ன எட்மண்ட், ரயில் வண்டியா?”

“ப்ளேன்க்கா.”

“ஒண்ணும் பறக்கலயே?”

“இது தரைப் பாடம்க்கா.”

“அப்ப பறக்கற பாடம் யாரு எடுப்பா?”

ஒலி முகம்மது சிரித்துவிட்டார், விரித்த கையோடு. எட்மண்ட் சிரிக்கவில்லை. டார்ச்சைக் குறுக்கே வைத்து எங்களை நிறுத்தி, அந்த அக்கா லிஃப்ட்டுக்குள் போகும்வரை காத்திருந்தார்.

எல்லா ஆண்களும் கட்டாயம் செய்யவேண்டிய தேசிய சேவையில் எட்மண்ட் விமானப் படையில் இருந்தார். மாதா கோயிலில், ஞாயிறு பூசை முடிந்து நிற்கும் கூட்டத்தில், “நான் ஏர்போர்ஸ்” என்று மட்டும் சொல்வார். கேட்பவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். விமானி ஆவதற்கான கண் பரிசோதனையில் அவர் தேறவில்லை. கிடைத்த வேலை, ஓடுபாதையில் ஆட்களோடு வரிசையாக நடந்து கல், திருகு, ஆணி பொறுக்குவது. ஒரு சின்னக் கல் போதும், இஞ்சின் உறிஞ்சிவிட்டால் கதை முடிந்தது. குனிந்தபடியே நடந்தார். பக்கத்தில் ஊர்ந்துபோன விமானங்களை வயிற்றுப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒன்றிலும் ஏறி உட்கார்ந்ததில்லை. இதை எங்களிடம் சொன்னவர் அண்ணாதுரை, எட்மண்ட் சொன்னதில்லை.

அறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதுவும் எட்மண்ட் கொண்டுவந்ததுதான். பறந்து முடித்ததும், சிமுலேட்டர் தானாக எடுத்துவைக்கும் ரிப்ளேயைப் பெரிய திரையில் எல்லோரும் பார்ப்போம். பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் தப்பைச் சொல்லவேண்டும். தன் தப்பைச் சொல்லாதவனுக்கு அடுத்தவன் தப்பைப் பேச உரிமை இல்லை. முதலில் லீட் சொல்லவேண்டும். லீட் சொன்னால்தான் மற்றவர்களுக்கு வாய் வரும்.

“வந்துட்டாரு ஃபாதர். எல்லாரும் முட்டி போடுங்க,” என்று அண்ணாதுரை கேலி செய்வார். எட்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் தப்பு: ரெண்டாவது வளைவுல ஸ்பீட் கொஞ்சம் ஜாஸ்தி,” என்று தொடங்குவார். அவர் சொல்லும் தப்புகள் சின்னவை, இஸ்திரி போட்டவை. இருந்தாலும் சொல்வார். அதற்காகவே அவரை லீட் என்று கூப்பிட எங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. வேறு எந்த இடத்திலும் அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் வந்ததில்லை. பஸ்ஸில் அவர் முதுகைப் பார்த்து உட்காருபவர்கள் தூங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் மனைவி அபிகேல், “பஸ்ல ஸ்டியரிங், வந்தா இங்கயும் ஸ்டியரிங்,” என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அபிகேலும் மகள் கிம்பர்லியும் டன்லப் ஸ்திரீட் மாடிப்படி ஏறி வந்தபோது எங்களுக்கே உட்கார்ந்த இடத்தில் முதுகு நிமிர்ந்தது. அன்று எட்மண்டின் பிறந்தநாள். அன்றே மலேசியாவின் ஜொகூர் குழுவோடு எங்கள் வருடாந்திரப் போட்டி. பூசை முடிந்து வீட்டில் கேக் வெட்டியதும் கிம்பர்லி ஒரு பெரிய பெட்டியை எடுத்துவந்து வைத்தாளாம். உள்ளே பெடல், காலால் விமானத்தைத் திருப்புவதற்கானது. எங்களில் மற்ற எல்லோரிடமும் பெடல் இருந்தது. அவர் மட்டும் பழைய ஸ்டிக்கை மணிக்கட்டால் முறுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண், அப்பாவின் கையையும் காலையும் எப்போது கவனித்தாள் என்று தெரியவில்லை.

“இதுலதான் இன்னிக்கு ஓட்டணுமாம். மேடம் ஆர்டர்,” என்றார் எட்மண்ட். பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்திருந்தார்.

ஒலி முகம்மது என்னைப் பார்த்தார். போட்டி நாளில் புதுச் சாமான் கூடாது என்பது எங்கள் சட்டம். சட்டம் போட்டவரும் எட்மண்ட்தான். காரணம் உண்டு. புதிதாக ஏதாவது ஒன்றைக் கணினியில் சொருகினால் சிமுலேட்டர் யாரையும் கேட்காமல் அதற்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரே பெடலுக்கு விமானத்தைத் திருப்பும் வேலையோடு வேறு வேலையும் சேர்த்துக் கட்டிவிடும். உள்ளே போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்து அழிக்கவேண்டும். இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். அதற்காகத்தான் நகர்வதற்கு முன்னால் ‘கால் செக்’ என்று ஒன்று வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் பெடலை இடது வலது மிதிக்கவேண்டும். பக்கத்து ஆள் தன் திரையிலிருந்து அந்த விமானத்தின் வாலைப் பார்த்து, அதன் துடுப்பு மட்டும் திரும்பி வேறெதுவும் அசையவில்லை என்றால், “சரி” சொல்லவேண்டும்.

அபிகேல் ஒரு துணிச்சுருளின்மேல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிம்பர்லி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று போனில் படம் எடுத்தாள். எட்மண்ட் அவளுக்கு ஒவ்வொரு முள்ளாகக் காட்டிக்கொண்டிருந்தார். இது எண்ணெய், இது சூடு, இது நம்ம ஸ்பீட். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததில்லை.

ஹெட்செட்டில் ஜொகூரிலிருந்து கமலாவின் குரல் வந்தது. பள்ளி ஆசிரியை, இரு குழுவுக்கும் அவர்தான் நடுவர்.

“சிங்கப்பூர், ரெடியா? இல்ல இன்னும் சாப்ட்டுட்டு இருக்கீங்களா? ரூல் தெரியும்ல. கீழயிருந்து ஸ்டார்ட். தரையில இடிச்சா ஆட்டம் க்ளோஸ், மேல சண்டையே கிடையாது.”

“மேடம், எங்க லீட் யாருன்னு மறந்துட்டீங்களா?” என்றார் அண்ணாதுரை.

“லீட், கால் செக்,” என்றார் ஒலி முகம்மது.

எட்மண்ட் கிம்பர்லியின் பக்கம் திரும்பியிருந்தார்.

“அண்ணே, கால் செக்.”

“முடிஞ்சுது முடிஞ்சுது. ஸ்டார்ட் பண்ணு.”

ஒலி முகம்மது அவர் வாலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துடுப்புகூட அசைந்திருக்கவில்லை; எட்மண்ட் பெடலை மிதிக்கவே இல்லை. ஒரு நொடி அவர் விரல் மைக் பொத்தான்மேல் நின்றது. அபிகேல் அங்கே இருந்தார், மகள் இருந்தாள். விரலை எடுத்துவிட்டார்.

ஆறு விமானங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் திருப்பம் இடதுபக்கம். “என்ன இது, இன்னிக்கு இழுக்கவே மாட்டேங்குது,” என்று எட்மண்ட் முணுமுணுத்தது ஹெட்செட்டில் கேட்டது.

“கேக் வெயிட்டு லா,” என்றார் அண்ணாதுரை. அபிகேல்கூடச் சிரித்தார்.

பிறகு நீளமான நேர்பாதை. வெயில் வைத்திருந்தோம், திரைக்குள்ளே. கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது அறை முழுக்க டக் டக் என்று சத்தம் வந்தது. கிம்பர்லி மெதுவாக, “இவ்ளோ ஸ்லோவா போகும்னு எனக்குத் தெரியாது டாடி. அழகா இருக்கு,” என்றாள். எட்மண்டின் காது சிவந்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன்.

ஓடுபாதைக்கு முன்னால் கடைசி வளைவு வலதுபக்கம். எட்மண்ட் வலது பெடலை மிதித்தார். அவர் விமானம் திரும்பவும் செய்தது, பாயவும் செய்தது. பிரேக்கை அவர் முழுக்க அழுத்தியிருக்கவேண்டும். மூக்கு தரையை முட்டுவதுபோல அமுங்கி, உடல் சுழன்று, பாதைக்குக் குறுக்கே போய் நின்றது. ஒலி முகம்மது பிரேக் பிடித்தார். அவர் இறக்கை எட்மண்டின் வாலில் சொருகிக்கொண்டது. அண்ணாதுரை அந்த இரண்டு விமானங்களின்மேலும் ஏறினார். நான் புல்லுக்குள் இறக்கினேன். மூன்று விமானங்கள் எரிந்தன.

“சிங்கப்பூர்,” என்றார் கமலா, “உங்க வாசல்ல நெருப்பு.”

பின்னால் ஜொகூர்க்காரர்களின் சிரிப்பு. “மேல வராமலேயே செத்துட்டாங்கடா,” என்றான் ஒருவன். அண்ணாதுரை ஸ்பீக்கர் சத்தத்தை நிறுத்தினார்.

எட்மண்ட் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலியைத் திருப்பினார்.

“ஒலி. எங்க பார்த்துட்டு வந்த?”

ஒலி முகம்மதும் ஹெட்செட்டைக் கழற்றினார்.

“ரிப்ளே பாக்கறதுக்கு முன்னாடி,” என்றார் எட்மண்ட். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. “இன்னிக்கு பின்னால வந்தவங்க முதல்ல சொல்லட்டும்.”

இத்தனை வருடத்தில் அந்த வரிசை மாறியதில்லை. அண்ணாதுரை வாயைத் திறந்தார். அதற்குள் ஒலி முகம்மது எழுந்து நின்றார். எதற்காக எழுந்தார் என்று தெரியவில்லை, நாங்கள் உட்கார்ந்தபடிதான் சொல்வோம்.

“என் தப்புண்ணே. டிஸ்டன்ஸ் கம்மி பண்ணிட்டேன். பிரேக்கும் லேட்டு.”

சொல்லிவிட்டு எட்மண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம். கீழே தையல் மிஷின் ஒன்று ஓடி நின்றது.

“சரி. அடுத்த தடவ பாத்துக்க,” என்றார் எட்மண்ட்.

ஒலி முகம்மது உட்கார்ந்தார்.

ரிப்ளேயை அண்ணாதுரை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தார். பெரிய திரையில் எங்கள் ஆறு பேரும் பின்பக்கத்திலிருந்து தெரிந்தோம். கடைசி வளைவு. எட்மண்டின் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அது திரும்பத் திரும்ப, வாலில் விரிந்திருந்த வாய் சுருங்கியது. அவரே எங்களுக்குக் காட்டிக்கொடுத்த வாய். கால் திருப்பியதோடு விசையும் கொடுத்திருக்கிறது. இடது திருப்பத்தில் ஏன் இழுக்கவில்லை என்பதற்கும் அதுவே விடை. இடது கால் விசையைக் குறைத்திருக்கிறது. விமானம் பாய்ந்தது. மூக்கு அமுங்கியது.

“டாடி,” என்றாள் கிம்பர்லி. உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்து முன்பக்கம் சாய்த்துக் காட்டினாள். “ஏன் உங்க ப்ளேன் மட்டும் திடீர்னு ஓடி, இப்படிக் குனியுது?”

“பின்னால இடிச்சா அப்படித்தான்மா.”

திரையில் ஒலி முகம்மதின் விமானம் இன்னும் இடைவெளி விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. இடிக்கவில்லை. அந்த இடைவெளியில் மதிய வெயில் கான்கிரீட்டின்மேல் அப்படியே கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். கிம்பர்லி அப்பாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், போனைப் பைக்குள் வைத்தாள்.

அண்ணாதுரை ரிப்ளேயை நிறுத்தினார். “போதும் லா. பசிக்குது. கேக் மட்டும் தின்னுட்டு பர்த்டே பாய் எங்கள ஏமாத்தப் பாக்கறான்.”

அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று ஒலி முகம்மது கிளம்பிவிட்டார். நாங்கள் மூலையில் இருந்த கடையில் தோசை சாப்பிட்டோம். யாரும் எதையும் பேசவில்லை என்று சொல்லமுடியாது. நிறையப் பேசினோம், வெங்காயச் சட்னியைப் பற்றி, கிம்பர்லியின் படிப்பைப் பற்றி, எம்ஆர்டி நின்றுபோன நாளைப் பற்றி. அபிகேல், “நான் நெனச்ச மாதிரி இல்ல, நல்லாத்தான் இருக்கு. இவருக்கு இவ்ளோ மரியாதையா இங்க,” என்றார். எட்மண்ட் தோசையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

ஒரு வரி. ‘கால் செக் பண்ணல, என் தப்பு.’ சொல்லியிருந்தால் அண்ணாதுரை ஒரு வருடத்துக்கு வைத்துக் கேலி செய்திருப்பார், அதோடு தீர்ந்திருக்கும். பரிசு கொடுத்த பெண் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பரிசால்தான் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கலாம். அல்லது அவள் முன்னால் முதன்முறையாக முதல் ஆளாக இருந்ததை இழக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். எது என்று அவருக்கே தெரிந்திருக்குமா? அபிகேலும் கிம்பர்லியும் இல்லாத இடத்தில் சொல்வார் என்று காத்திருந்தோம். அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘பின்னால் வருபவர்கள் இனிமேல் இன்னும் அதிக இடைவெளி விடவும்.’ அண்ணாதுரை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டார். ஒலி முகம்மது அதைப் படித்ததாக நீலக்குறி காட்டியது.

அடுத்த ஞாயிறு எட்மண்ட் வந்தபோது நாங்கள் எல்லோரும் முன்பே உட்கார்ந்திருந்தோம். ஒலி முகம்மதின் நாற்காலி காலி. திரைகளில் விமானங்கள் ஓடுபாதை முனையில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வரிசையாக நின்றன.

“என்னடா இது?”

“ரன்வே ஸ்டார்ட்,” என்றார் அண்ணாதுரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “டைம் மிச்சம்டா. எல்லாருக்கும் வீட்டுல வேல இருக்கு. நீதான் லீட். உன் ப்ளேன் அங்க முன்னாலயே நிக்குது பாரு.”

நின்றது. அவர் எண்ணோடு, எல்லோருக்கும் முன்னால். அவர் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த ஆரஞ்சு டார்ச்சுகளை மேசைக்கடியில் வைத்தார்.

“லீட், போலாமா?” என்று அண்ணாதுரை கேட்டார், மரியாதையாக.

எட்மண்ட் த்ராட்டிலைத் தள்ளினார். சற்று நேரத்தில் எல்லோரும் மேலே இருந்தோம். சற்று நேரத்தில் அவர் விழுந்தும்விட்டார். பிறகு சண்டை முடியும்வரை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் யாரும் தன் தப்பைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் பஸ் டூட்டி இருக்கிறது என்று செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிற்சாலைகளுக்கு பஸ் கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். அண்ணாதுரை மறுபடி கட்டைவிரல் படம் போட்டார். எட்மண்டை யாரும் விலக்கவில்லை. குழுவில் இன்றும் அவர் பெயருக்குப் பக்கத்தில் லீட் என்றுதான் இருக்கிறது.

ஒலி முகம்மதை நான் தேக்கா மார்க்கெட்டில் பார்த்தேன். ஆட்டிறைச்சிக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்ப வருவீர்களா என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. டைம் இல்ல.”

“அன்னிக்கு உங்க தப்பு இல்லண்ணே. எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியும்.” கடைக்காரரிடம் எலும்பு வேண்டாம் என்று கையைக் காட்டினார். “ஃபேமிலி முன்னாடி அவரு முதல்ல ஆரம்பிக்க கஷ்டப்படறாருன்னு நெனச்சேன். நான் முதல்ல சொல்லிட்டா அவருக்கு ஈஸியா இருக்கும்ல. அதான் எழுந்தேன்.”

இறைச்சியை வாங்கிக்கொண்டார்.

“‘பாத்துக்க’ன்னாரு பாருங்க,” என்றார். பையை முடிந்துகொண்டு நடந்தார்.

எட்மண்டின் டார்ச்சுகள் டன்லப் ஸ்திரீட் மேசைக்கடியிலேயே கிடந்தன. துணிச்சுருள் எடுக்க வந்த பெண் ஒன்றை மிதித்து வழுக்கினாள் என்று, அவற்றைக் கொடுத்துவிட்டு வரும்படி அண்ணாதுரை என்னை அனுப்பினார். மத்தியானம் பூன் லே போனேன். காலைப் பயணத்துக்கும் மாலைப் பயணத்துக்கும் நடுவில் எட்மண்ட் வீட்டில் இருக்கும் நேரம். அபிகேல் அன்று விடுப்பில் இருந்தார்.

“வாங்க தம்பி. உள்ளதான் இருக்காரு. மூணு வேளையும் அதுலதான். அந்தப் பெடலு அவ்ளோ புடிச்சுப் போச்சு.”

அறைக் கதவு திறந்திருந்தது. திரையில் ஆளில்லாத விமானத்தளம். எட்மண்ட் தனியாக டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். கான்கிரீட் இணைப்புகளின் டக் டக் சத்தம். கால்கள் இரண்டும் பெடலின்மேல். நான் டார்ச்சுகளைக் கட்டில்மேல் வைத்தேன், அப்போதுதான் பார்த்தேன். பெடலின் கேபிள் கணினிக்குப் போகவில்லை. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, மேசைக்காலுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. அவர் கை பழைய ஸ்டிக்கை முறுக்கிக்கொண்டிருந்தது. வளைவு வரும்போது மணிக்கட்டு திரும்பியது. கூடவே காலும், ஒன்றோடும் சேராத பெடலைச் சரியாக மிதித்தது.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

“உக்காருங்க தம்பி.”

உட்கார்ந்தேன்.

“ஒலி வர்றானா?”

“இல்லண்ணே. போன வாரம் தேக்காவுல பாத்தேன்.”

“என்ன சொன்னான்?”

சொன்னேன். ஒலி முகம்மது சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். திரையில் விமானம் கடைசி வளைவுக்கு வந்திருந்தது. எட்மண்ட் பிரேக்கைத் தொட்டு அதை நிறுத்தினார். மூக்கு லேசாகத் தாழ்ந்து எழுந்தது. ஸ்டிக்கைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மேசைமேல் அவர் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் திருப்பி நேரம் பார்த்தார்.

“இருந்தாலும் அன்னிக்கு அவன் டிஸ்டன்ஸ் கம்மிதான் தம்பி,” என்றார்.

அந்த நேரத்தில் கிம்பர்லி கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் கதவருகில் நின்றாள்.

“டாடி, ஓடுதா? பெடல் ஓகேவா?”

“சூப்பர்மா,” என்றார் எட்மண்ட். காட்டுவதற்காக வலது காலை ஆழமாக மிதித்தார். கை ஸ்டிக்கில் இல்லை.

திரையில் விமானம் அசையாமல் நின்றது. கிம்பர்லி திரையைப் பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். மேசைக்காலுக்குப் பின்னால் சுருண்டிருந்த கேபிள்வரை அவள் கண் போய்த் திரும்பியது.

“நல்லது டாடி,” என்றாள். கதவை, சத்தம் வராமல், சாத்திக்கொண்டு போனாள்.

எட்மண்டின் கால் பெடலின்மேலேயே இருந்தது. பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து சட்டையை மாட்டும்வரை அவர் அதை எடுக்கவில்லை.